கொம்பர் பார்த்துச் சொன்ன வயதுகள்

இத்தாலியின் பலெர்மோவில் கொம்பருக்குத் தெரியாமல் ஒரு வயதைக்கூடக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தப்பிய தமிழர் கிடையாது. உங்கள் பெர்மெஸ்ஸோவில், அந்த வதிவிட அனுமதி அட்டையில், என்ன எழுதியிருந்தாலும் அவருக்கு அது பொருட்டில்லை. ஒருதரம் முன்னாலிருந்து பார்ப்பார், ஒருதரம் பக்கவாட்டில் பார்ப்பார், பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லி உங்களை நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அவ்வளவுதான். அதன்பிறகு உங்கள் வயது ஊருக்குப் பொதுச்சொத்து.

அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அதன் சின்ன அறையில் கொம்பர் ஆறு வருடம் குடியிருந்தார். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தபால்காரர்கூட அதை மறந்துபோனார். முல்லைத்தீவுப் பக்கத்துக் காட்டோரத்தில் பிறந்தவர். இளவயதில் வேட்டைக்காரர்களோடு திரிந்து மானின் வயதைப் பார்க்கப் பழகியவர். வேறெதையும் பழகவில்லை என்பது என் மனைவியின் கருத்து.

நான் காலையில் இரண்டு வீடுகளிலும் பின்னேரத்தில் ஒரு அலுவலகத்திலும் துப்புரவு வேலை செய்கிறவன். மூன்று மாடி ஏறிவந்து சப்பாத்தைக் கழற்றும்போது எனக்கு வேண்டியது ஒரு தேத்தண்ணீரும் கொஞ்சம் அமைதியும். அந்த நேரம் பார்த்துத்தான் கொம்பர் தொடங்குவார்.

"கொம்பைப் பாராதை தம்பி. கொம்பு பொய் சொல்லும். கழுத்தைப் பார், வயித்தைப் பார், முதுகைப் பார்."

இளம் ஆண்மானுக்குக் காலும் கழுத்தும் நீளமாகத் தெரியும். தலையில் கொம்பு இல்லாவிட்டால் பெண்மான் என்றே நினைப்போம். நடுவயதில் கழுத்து பருத்து நெஞ்சோடு ஒன்றாகிவிடும். கிழடானால் முதுகு குழிந்து, வயிறு தொங்கி, முகத்துத் தோல் தளர்ந்துபோகும். கொம்பும் ஒரு வயதுவரைதான் பெருக்கும், பிறகு வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வரும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆறு வருடம் எனக்குத் தேத்தண்ணீரோடு ஊற்றப்பட்டது.

மானோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கபோச் சந்தைப் பக்கம் ஒரு மன்னார்க் குடும்பத்தில் பெண்பார்க்க வந்திருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்துநாலு என்று சொல்லியிருந்தார்கள். தாகத்துக்குக் குடிக்கக் கொடுத்த கிளாசை வைக்க மாப்பிள்ளை எழுந்து மேசைவரைக்கும் நடந்தார். கொம்பர் என் காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு அறை முழுவதற்கும் கேட்க, நாற்பத்திரண்டு என்றார். பெண்ணின் தாய் தட்டைக் கீழே வைத்தாள். பெரிய சண்டையாகி, கடைசியில் மாப்பிள்ளையின் தாயே பொறுக்கமாட்டாமல், "ஆர் சொன்னது நாப்பத்திரண்டு எண்டு? நாப்பத்தொண்டுதான்," என்றுவிட்டாள்.

கல்யாணம் நின்றுபோனது. திரும்பி வரும் வழி முழுக்கக் கொம்பர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். ஒரு குடும்பத்தைக் கலைத்த கவலை என்று நினைத்தேன். வீட்டுப் படியில் நின்று, "ஒரு வருசம் பிழைச்சுப்போச்சு தம்பி," என்றார்.

அவருடைய வயதை யாராவது கேட்டால் மட்டும் பதில் வேறு. "வேட்டைக்காரன்ரை வயசை மான் கேக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவருக்கு வேலை தேடிக் கொடுத்த பாவம் என்னுடையது. நான் வேலைசெய்த வீடுகளில் ஒன்று ஒரு வயதான வழக்கறிஞருடையது. அவ்வொகாத்தோ என்றுதான் எல்லாரும் அழைப்போம். மனைவி இல்லை. மகள் வடக்கே எங்கோ இருந்தாள். விருந்தறைச் சுவர் முழுக்க மான்கொம்புகள், மொத்தம் முப்பத்தொரு சோடி. எல்லாம் அவர் சுட்டவை. அவற்றுக்குத் தூசி தட்டுவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் கொம்பரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவ்வொகாத்தோவின் பழைய நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். பரிமாற எங்கள் இருவரையும் வரச்சொல்லியிருந்தார். சாப்பாடு முடிந்ததும் அவர் நடுச்சுவரில் இருந்த மிகப் பெரிய கொம்பைக் காட்டி, மலையிலேயே மூத்த கிழவனை மூன்று நாள் துரத்தி வீழ்த்திய கதையைச் சொல்லத் தொடங்கினார். காப்பித் தட்டோடு நின்ற கொம்பர் தமிழில், "உது கிழவன் இல்லை. பொடியன்," என்றார்.

அவ்வொகாத்தோ என்னைத் திரும்பிப் பார்த்தார். மிகவும் அழகான கொம்பு என்று சொல்கிறார் என மொழிபெயர்த்தேன். என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க இரண்டு மாதந்தான் இருந்தது. வேலைக் கடிதம் அந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். கொம்பருடையதும் அப்படித்தான். அந்த நிலையில் இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு எனக்கு வரவில்லை.

கொம்பருக்கு மொத்தமாக நாற்பது இத்தாலியச் சொற்கள் தெரியும். முப்பது பல்லரோவில் விற்கும் மரக்கறிகள். மீதிப் பத்தில் ஒன்று பம்பீனோ, அதாவது குழந்தை. தட்டை வைத்துவிட்டுக் கொம்பைக் காட்டி, "பம்பீனோ" என்றார். விளங்காதோ என்று முழங்கால் உயரத்துக்குக் கையையும் காட்டினார். பிறகு, கொம்பு மண்டையோட்டில் ஏறி நிற்கும் அடிக்கட்டையைத் தொட்டுக் காட்டினார். வயது போகப்போக அது கட்டையாகித் தடித்துவரும். இதிலோ நீண்டு மெலிந்து நின்றது. நண்பர்கள் கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள். அவ்வொகாத்தோ சிரிக்கவில்லை. இனிமேல் கொம்பர் வேலைக்கு வரத் தேவையில்லை என்றார். என்னைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அந்த வாரம் நான் கொம்பரோடு கதைக்கவில்லை. களைப்பில் கோபப்படுவதும் ஒரு வேலைதான். அதையும் செய்தேன்.

வியாழக்கிழமை அவ்வொகாத்தோ என்னைக் கூப்பிட்டார். விருந்தறை மேசைமேல் முப்பத்தொரு சோடியும் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடிக்கட்டையையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். கிழவர்கள் எட்டுப் பேர்தான் தேறினார்களாம். 

மடோனியே மலைப்பக்கம் மான்கள் பெருகி, சுட்டுக் குறைப்பதற்கு அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறார்கள். கண்ட மானையெல்லாம் சுட முடியாது. எந்த வயது மான் என்று சீட்டில் எழுதியிருக்கும். அவருடைய சீட்டில் கிழ ஆண்மான் ஒன்று. போன இரண்டு முறையும் பெரிய கொம்பைப் பார்த்து இளமானைச் சுட்டுவிட்டார். இன்னொருமுறை பிழைவிட்டால் இனிச் சீட்டே கிடையாது. அந்த மரியாதை கெட்ட மனிதனைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

ஜனவரி மாதம். விடியற்காலையில் நான் காரோட்டினேன். மலையடிவாரத்தில் அந்தப் பகுதி வனக்காவலர் ஒருவர் சேர்ந்துகொண்டார். பாழடைந்த ஆட்டுப்பட்டியின் கல்மதிலுக்குப் பின்னால் அவ்வொகாத்தோ துப்பாக்கியோடும், கொம்பர் தொலைநோக்கியோடும், நான் மடக்கு நாற்காலியோடும் காப்பிப் போத்தலோடும் உட்கார்ந்தோம். குளிர் எலும்புக்குள் போனது. முதல் நாள் முழுக்க மான்கள் வந்தன. அகன்ற கைபோல விரிந்த கொம்புகளோடு ஒவ்வொன்றாக மேட்டில் ஏறி நிற்கும். அவ்வொகாத்தோ துப்பாக்கியை எடுப்பார். கொம்பர் தலையாட்டுவார்.

"உவர் பொடியன். கழுத்தைப் பாருங்கோ, கொக்கு மாதிரி."

அடுத்ததற்கு, மாப்பிள்ளை என்றார். அதற்கடுத்ததற்கு, குடும்பகாரன், விடுங்கோ என்றார். நான் இவற்றையெல்லாம் இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன். காவலர் முதலில் சிரித்தார். மத்தியானத்துக்குப் பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, தன் தொலைநோக்கியை வைத்துக் கொம்பர் பார்க்கும் இடத்தையே பார்க்கத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் பத்து மணியளவில் பெரிய கொம்போடு ஒன்று வந்தது. சுவரில் இருந்ததைவிடப் பெரியது. அவ்வொகாத்தோ எழுந்தே விட்டார். இதுதான், இதுதான் என்று அவருடைய உதடு அசைந்தது. கொம்பர் துப்பாக்கியின் குழலை உள்ளங்கையால் மெதுவாகக் கீழே அழுத்தினார். ஒரு வேலைக்காரன் முதலாளியின் துப்பாக்கியில் கைவைப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"தம்பி, சொல்லு அவருக்கு. வயிறு இன்னும் இறுக்கமாக் கிடக்கு. நல்லா வாழுற வயசு. உதுக்குப் பின்னாலை நிக்கிறதுதான் ஆள்."

பின்னால், முள்மரத்தடியில், யாரும் கவனிக்காத ஒன்று நின்றது. கொம்பு ஒருபக்கம் சிறுத்து, மறுபக்கம் வெறும் குச்சியாக இருந்தது. முதுகு குழிந்து, வயிறு தொங்கியிருந்தது. தலையைத் தூக்கி வைத்திருக்கவே அதற்குப் பாரமாக இருந்ததுபோலத் தெரிந்தது. காவலர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆமாம், கிழவன்தான் என்றார்.

அவ்வொகாத்தோ உட்கார்ந்து குறிவைத்தார். மான் எங்கள் பக்கம் திரும்பியது. ஓடவில்லை. ஒரு முன்னங்காலை மாற்றி வைத்து அப்படியே நின்றது. கொம்பர் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று அவ்வொகாத்தோ கண்ணை எடுக்காமல் கேட்டார்.

இந்த முறை நான் சரியாக மொழிபெயர்த்தேன். களைத்துப்போய் நிற்கிறது என்று சொல்கிறார் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துப்பாக்கி கீழே இறங்கியது. "நானும்தான்" என்றார் அவ்வொகாத்தோ. குண்டை வெளியே எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். நான் மிச்சக் காப்பியை நாலு பேருக்கும் ஊற்றினேன். மான் தன்பாட்டில் முள்மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

திரும்பும்போது பின் இருக்கையிலிருந்து அவ்வொகாத்தோ, எனக்கு எத்தனை வயது என்று அவனைக் கேள் என்றார். எழுபத்தாறு என்றுதான் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லுவார். நான் கண்ணாடி வழியாகக் கொம்பரைக் கெஞ்சும் பார்வை பார்த்தேன். இரண்டு நாளாக அந்த மனிதர் மேடு ஏறியதைப் பின்னால் நின்று பார்த்தவர் அவர்.

"எண்பத்தொண்டு," என்றார்.

நான் அதைச் சொன்னேன். அவ்வொகாத்தோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடல் தெரிந்த பிறகு, அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் வேலைக் கடிதம் தந்தார். கொம்புகளைக் கொம்பரே வயதுப்படி வரிசையாகத் திரும்ப மாட்டினார். நடுச்சுவருக்கு எட்டுக் கிழவர்களும் வந்தார்கள். பொடியன் கதவுக்குப் பின்னால் போனான்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டுக் கதவடிக்குப் போனேன். கொம்பர் என்னைக் கூப்பிட்டு, கதவுத் திறப்பை மறந்துவிட்டாய், எடுத்துக்கொண்டு வா என்றார். போய்ப் பார்த்தேன். திறப்பு என் சட்டைப்பையிலேயே இருந்தது. நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, உனக்கு வயசு நாப்பத்தெட்டு. இண்டைக்கு நீ நடக்கிறது அறுவது. சப்பாத்தைக் கழட்டு."

வேலைக்குப் போகவேண்டும் என்றேன். எனக்குப் பதிலாகத் தான் போவதாகச் சொன்னார். என்னிடம் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, நான் வேலைசெய்யும் மற்ற வீடு இருந்த ஒரேத்தோத் தெருவுக்கு அவரே போனார். நான் மத்தியானம் மூன்று மணிவரை தூங்கினேன். பகலில் அப்படித் தூங்கி எத்தனை வருடம் என்று நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. மூன்று நாள் எனக்குப் பதிலாக அவர் படிகளைத் துடைத்தார். நாலாம் நாள் ஒரேத்தோ வீட்டுக்காரச் சின்யோரா என்னைக் கண்டதும், படி நன்றாகத் துடைத்திருக்கிறது, ஆனால் அந்த மனிதன் என் வயதை ஏன் வாசல்காரியிடம் சொன்னான் என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எத்தனை சொன்னார் என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போன வருடம் ஜெர்மனியிலிருந்து கொம்பருடைய மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் ஏறும் முன்னர் என்னைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தார். பிறகு ஏறிவிட்டார்.

சின்ன அறைக்கு இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், சத்தம் இல்லாதவர். பின்னேரத்தில் எனக்கு என் தேத்தண்ணீரும் அமைதியும் கிடைக்கின்றன. காலையில் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடக்கும்போது மட்டும், அவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை.