இன்னும் கொஞ்சம் தண்ணி

நம்மிடையே ஓர் இனம் உண்டு. குழாயைக் கண்டால் அதன் கை சும்மா இருக்காது. சாம்பாரோ பெயின்ட்டோ, எது கெட்டியாக இருந்தாலும் அதற்கு நெஞ்சை அடைக்கும். "இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து" என்பதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாது. கலவை மிக்ஸர் சுற்றும் சத்தம் கேட்டால் போதும். அந்தமானின் ஜங்லிகாட்டில் எந்த மூலையில் இருந்தாலும், ஸ்கூட்டரை உதைத்து, வழியில் நாலு பேரிடம் சேதி சொல்லி, ஒரு டீயும் குடித்துவிட்டு, சரியாக ஜல்லி விழும் நேரத்துக்கு வந்து நிற்கும். யார் கூப்பிட்டார்கள்? கூப்பிட்டு வருவதற்கு அது என்ன பிளம்பரா?

ஜாக்குலினின் சித்தப்பா டெர்வின் இந்த இனத்தில் முதல் தரம்.

அன்று அவள் அப்பா பிரகாசத்தின் படகு எஞ்சின் பட்டறைக்குப் புதுத் தரை போட்டார்கள். அவர் காலமானதிலிருந்து பூட்டிக் கிடக்கும் பட்டறை. அம்மா ஞானசெல்வி திறந்து நடத்தப் போகிறாள். பழைய தரை, எஞ்சினை இறக்கினாலே வெடித்தது. எஞ்சினியரான ஜாக்குலின், கான்கிரீட்டில் ஃபைபர் கலந்தாள். விரிசலை விரியவிடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் இழை. உப்புக் காற்றில் துருப்பிடிக்காது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது ஒரே பெட்டி. இன்று கலவை கெட்டால், அடுத்த கப்பல்வரை பட்டறைக்குப் பூட்டுதான்.

சித்தப்பா மிக்ஸருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி, கலவைல முடி கெடக்கு?"

"முடி இல்ல சித்தப்பா, ஃபைபர்."

"சோத்துல கெடந்தா எடுத்து எறியுதோம். நீ காசு குடுத்துப் போடுதியா?"

இழை சேர்ந்த கலவை விறைப்பாகத்தான் தெரியும். அவருக்குப் பொறுக்குமா? ஹோஸ் கைக்கு வந்துவிட்டது. மிக்ஸர்காரரைப் பார்த்து, இந்தியிலும் அதே வைத்தியம்தான்: "பையா, தோடா பானி டாலோ!"

"ஊத்தினா பலம் போயிரும். இளக்கத்துக்கு மருந்து கலந்தாச்சு. வைப்ரேட்டர் வச்சு அதிரவிட்டா தானா உக்காரும்" என்றாள் ஜாக்குலின்.

"பழைய தரைக்கு நாந்தாம்ட்டி ஊத்துனேன். உங்கப்பன் பக்கத்துல நின்னு, இன்னும் ஊத்துலே, ஊத்துலேன்னான். பாயசம் மாதிரி ஓடிச்சு!"

"அதான் அப்பளமா நொறுங்கிச்சு" என்றாள் ஞானசெல்வி.

ஆமாம், அப்பாவும் இதே இனம். அந்தத் தரையை உடைத்து அள்ளியபோது, ஒரு துண்டை மட்டும் ஜாக்குலின் லாரியில் ஏற்றாமல் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் ஹோஸைப் பிடுங்கவில்லை.

"உங்க கையிலயே இருக்கட்டும் சித்தப்பா. இன்னைக்கு ஒரு சொட்டு கூடாது. நாளைக்கு இறுகினதும் ஊத்துங்க. ஒரு வாரத்துக்குத் தரை காயவே கூடாது. உங்கள விட்டா யாரு இருக்கா?"

"எவ்வளவு ஊத்தலாம்?"

"எவ்வளவு வேணும்னாலும்."

வாழ்நாளில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை. ஹோஸைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து மிக்ஸருக்குக் காவல் நின்றார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பானி கம் ஹை" என்று, தண்ணி குறைச்சல் என இழுத்ததும் சீறினார்: "ஹட்! தண்ணி நாளைக்கு. அது என் டிபார்ட்மென்ட்!"

மறுநாளிலிருந்து ஊற்றினார். தவளை குடியேறும்வரை ஊற்றினார்.

பட்டறை திறந்த அன்று, சங்கிலி நழுவி ஓர் எஞ்சின் தரையில் விழுந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மயிரிழை விரிசல்கூட இல்லை.

"பாத்தியாட்டி!" என்றார் சித்தப்பா. "எல்லாம் நான் ஊத்துன தண்ணி."

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் படித்துவரும்போதே, 'கொஞ்சம் கெட்டியாக எழுதிவிட்டார்களே, இடையில் நாலு வரி சேர்த்து இளக்கியிருக்கலாமே' என்று தோன்றியதா? முதலில் அந்தக் குழாயை மூடுங்கள்.