எதிர்க்கட்சிக்கு நான் வாதாடிய ஞாயிற்றுக்கிழமை

சட்டமே தெரியாதவரால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை. முழுக்கத் தெரிந்தவராலும் இல்லை. முதல் செமஸ்டர் மட்டும் முடித்தவரால்தான் ஆபத்து. நான் முடித்திருந்தேன்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு இருக்கும் மனை, பெரியப்பா அப்பாவுக்கு விற்றது. அண்ணன் தம்பிக்குள் எதற்குப் பத்திர ஆபீஸ் என்று, ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டார்கள். பெரியப்பா இறந்த மறுவருடம் அவருடைய ஒரே மகன் மோகன் அண்ணன் போன் செய்தார். கிரிவலப் பாதையில் விடுதி கட்ட யாரோ இடம் கேட்கிறார்களாம்.

"பட்டா எங்கப்பா பேர்லதான இருக்குது சித்தப்பா? ஞாயித்துக்கெழம வாங்க, பேசிக்கலாம்."

அன்று முதல் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா தினம் நாலு முறை பீரோவைத் திறந்து தாள் இருக்கிறதா என்று பார்த்தார். (அது எங்கே போகும்?) எனக்கு மட்டும் உற்சாகம். என் முதல் கேஸ்!

கீழ்பென்னாத்தூரில் பெரியம்மா வீடு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காபி ஆறி ஆடை கட்டியது. அப்பா தாளை நீட்டினார். மோகன் அண்ணன் இரண்டு முறை படித்தார்.

"எங்கப்பா கையெழுத்துதான். எழுதியே குடுத்துட்டாரு, அப்புறம் நான் என்னத்த பேசறது?"

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனவள் (காலருக்குக் கஞ்சி வேறு) வாயைத் திறக்காமல் திரும்புவதா?

"அப்படி இல்லண்ணா. நூறு ரூபாய்க்கு மேல மதிப்பு இருக்கற இடத்த ரிஜிஸ்டர் பண்ணாம வித்தா, சட்டப்படி அது விற்பனையே கெடையாது."

கூடம் நிசப்தமானது. அதைப் பாராட்டு என்று நினைத்துப் பிரிவு எண்ணையும் சொன்னேன்.

மோகன் அண்ணன் மெதுவாக நிமிர்ந்தார். "அப்ப இந்தத் தாளு செல்லாதா?"

"செல்லா..." அப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். தாமதமாக வந்த தடையாணை.

"சித்தப்பா, உங்க பொண்ணே சொல்லுது."

அப்பா தாளைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் மூன்று வருடம் கட்டிய வீட்டை நான் ஒரே வாக்கியத்தில் இடித்திருந்தேன்.

அதுவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"தாளு செல்லாதுன்னா போவட்டும். உங்கப்பா விக்கும்போது பக்கத்துலதான் உக்காந்துட்டிருந்தேன். நான் செல்லுவேனா, மாட்டேனாடா?"

மோகன் அண்ணன் ஆறிய காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "செல்லுவம்மா" என்றார்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "செல்லுற மாதிரி எப்படி எழுதறதுன்னு உன் புக்குல இருக்குதா?"

"இருக்குது பெரியம்மா. நீங்களும் அண்ணனும் பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடணும்."

அன்று நான் சொன்னதில் உருப்படியான சட்டம் அது ஒன்றுதான். அடுத்த வாரமே பத்திரம் பதிவானது.

இப்போது நான் நிஜ வக்கீல். ஆனாலும் குடும்பத்தில் எந்தப் பேச்சிலும் நான் தொண்டையைச் செருமினால் போதும், மோகன் அண்ணன் கையைத் தூக்கிவிடுவார்: "இருங்க, பாப்பா யார் பக்கம்னு மொதல்ல கேட்டுக்கோங்க!"

என் கல்யாணப் பேச்சிலும் கேட்டார். அன்று நான் மாப்பிள்ளை பக்கம் இருந்தேன்.