வெப்சைட்டுக்கு நாடி பார்ப்பவர்

நம் பக்கம் புதிதாக ஒரு வைத்தியர் இனம் கிளம்பியிருக்கிறது, கவனித்தீர்களா? மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் அல்ல; தங்கள் கடை வெப்சைட்டுக்குத் தாங்களே நாடி பார்ப்பவர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நாளுக்கு ஒருதரமாவது தொட்டுப் பார்க்காவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சங்கரலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கடைக்கு வந்து சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திய கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்புக்கான பூட்டுச் சின்னம் இருக்கிறதா, முதல் பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது, ஏலக்காய்ப் படம் முழுசாக வருகிறதா, போனில் பார்த்தால் எழுத்தின்மேல் எழுத்து ஏறி நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் வெப்சைட்டுகளுக்கு மார்க் போடும் தளத்துக்குப் போய் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்பார். தொண்ணூற்றெட்டு. பச்சை வட்டம். அன்று டீக்கு வடையும் உண்டு. தொண்ணூற்றாறு வந்துவிட்டாலோ, தேனியில் வெப்சைட் செய்துகொடுத்த வினோத்ராஜ் குளித்துக்கொண்டிருக்கும்போதே போன் போகும்.

இதோடு விடுவாரா? வெளியூர்க்காரர்கள் ஆர்டர் எழுதி அனுப்ப ஒரு பெட்டி இருக்கிறதே, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? தானே ஒரு கடிதம் அனுப்புவார். எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவது அவர் வழக்கம். மேலே ‘உ’, கீழே ‘சோதனை’. ‘உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி’ என்று திரையில் வரும். பரவாயில்லை, இருக்கட்டும் என்று தலையாட்டிக்கொள்வார்.

இப்படி நூற்றுக்கணக்கில் கடிதம் சேரவும் அவருக்கே எரிச்சல் வந்தது. நல்ல கடிதம் வந்தால் கண்ணில் படாதே. கடைக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிபரைக் கூப்பிட்டு, தன் சோதனையெல்லாம் தானாகக் குப்பைக்குப் போகும்படி செய்யச் சொன்னார். அவளும் ‘உ’ என்று தொடங்கினால் நேரே குப்பை என்று அமைத்துவிட்டாள். முதலாளியைத் தவிர யார் கம்ப்யூட்டரில் பிள்ளையார் சுழி போடப்போகிறார்கள்?

தீபாவளி நெருங்கியது. வெளியூர் மிட்டாய்க் கடைகளின் ஆர்டரை நேரே பிடிக்கத்தான் சங்கரலிங்கம் வெப்சைட்டே போட்டார். ஒன்றும் வரவில்லை. எதிர்க்கடை பால்பாண்டியின் வெப்சைட் பாதி நாள் திறக்காது, திறந்தாலும் சிவப்பு வட்டம்தான். அந்தக் கடை வாசலிலோ மூட்டை ஏறிக்கொண்டேயிருந்தது. சங்கரலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. என்ன செய்தார்? சோதனையை நாளுக்கு மூன்று வேளையாக்கினார்.

சின்னமனூரில் ஒரு கல்யாணப் பந்தியில்தான் விஷயம் உடைந்தது. பக்கத்து இலையில் விருதுநகர் மிட்டாய்க் கடைக்காரர் கருத்தக்கண்ணன். பழைய பழக்கம்.

“மூணு தடவ எழுதுனேண்ணே. மேல சுழி போட்டு, கீழ ஐநூறு கிலோ வேணும்னு. நன்றி நன்றின்னு வந்துச்சே தவிர ஆள் பேசல. யாவாரத்த விட்டுட்டீகளோன்னு பால்பாண்டிகிட்ட வாங்கிட்டேன்.”

சங்கரலிங்கம் கையிலிருந்த பாயசத் தம்ளரைக் கீழே வைத்தார். யாரைத் திட்டுவது? சுழி போட்ட சோதனையும் அவருடையது, குப்பை யோசனையும் அவருடையது.

மறுநாள் ஜெனிபர் அமைப்பை மாற்றினாள். “இனிமே சுழி போட்டு வாறதும் வந்துரும் மொதலாளி. நீங்க மட்டும் சோதன அனுப்பாதீக.”

“சரிம்மா, இனி அனுப்பல” என்றார். அவள் அந்தப்பக்கம் திரும்பினாள்.

“வந்துரும்னு எப்பிடிம்மா தெரியும்?” என்றவர், ‘உ’ என்று தட்டினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முக்கியமான ஒரு அழைப்புக்காகக் காத்திருக்கும்போது, நம் போன் அடிக்கிறதா என்று வீட்டிலுள்ள இன்னொருவர் போனிலிருந்து அழைத்துப் பார்த்தவர்தானே நீங்கள்? நன்றாகத்தான் அடித்திருக்கும். நீங்கள் காத்திருந்தவர் அந்த நேரம் பார்த்து அழைத்திருப்பார்; அவருக்குத்தான் லைன் கிடைத்திருக்காது.