லாடச் சித்தரின் எட்டுக் குதிரைகள்

குதிரை ஓடும் நாளென்றால் கொரட்டூர் ஏரிக்கரையில் கூட்டம் அள்ளும். மீன் வாங்க அல்ல. லாடச் சித்தரைப் பார்க்க! ருத்திராட்சம் தொங்கவேண்டிய கழுத்தில் அவருக்குக் குதிரை லாடம் தொங்கும். அதைக் காதில் வைத்தால், மத்தியானம் கிண்டி ரேஸில் ஓடப்போகும் குதிரையின் குளம்புச் சத்தம் காலையிலேயே கேட்குமாம். மழை வரும் சத்தம் மட்டும் கேட்காது போலிருக்கிறது; போன மாதம் கொட்டகையோடு நனைந்தார்.

கேட்டு முடித்ததும் பக்தனின் காதில் முதல் ரேஸுக்கென்று ஒரே ஒரு எண் சொல்வார். "வெளியே சொன்னால் பலன் போய்விடும், குழந்தாய்!"

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்த நாகேந்திரன் மாதக்கணக்காக எண் வாங்கினான். குதிரைதான் வரவில்லை. ஒருமுறை அவன் கருவாடு தின்றதால் தோற்றதாம். மறுமுறை, கருவாடு தின்றவன் பக்கத்தில் உட்கார்ந்து ரயிலில் போனதால் தோற்றதாம். குதிரை கேட்டிருந்தால் சிரித்திருக்கும். நாகேந்திரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இந்த முறை மனைவி வசந்தாவின் தையல் மெஷினையே அடகுக் கடையில் வைத்துவிட்டு, "சாயங்காலம் மீட்டுடுவேன்" என்று சத்தியம் செய்து கிளம்பினான். தீபாவளி ஜாக்கெட்டுகள் வெட்டியபடி வீட்டில் கிடந்தன.

சித்தர் சொன்னது முதல் ரேஸில் ஐந்தாம் நம்பர். அது ஊர்வலம் போவதுபோல் நிதானமாக வந்து சேர்ந்தது.

மாலையில் கொட்டகையில் அன்றைய ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. ஜெயித்த தசரதன் மாலையும் காணிக்கையுமாக வந்து குதித்தான். "சாமி சொன்ன குதிர பறந்துச்சு நைனா!" கூட்டம் கோஷம் போட்டது. தோற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து, தாங்கள் செய்த பாவம் எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நாகேந்திரனும் தேடினான். கிடைக்கவில்லை.

வசந்தாதான் வந்தாள்.

"மெஷின் எங்கய்யா?"

"சாமி கரெக்டாத்தான் சொல்லியிருப்பாரு. நாந்தான் சுத்தமா இல்ல."

"இன்னா நம்பர் சொன்னாரு?"

"ஐயோ, வெளிய சொல்லக் கூடாது!"

"ரேஸுதான் முடிஞ்சி போச்சே! குதிர லாயத்துல கொள்ளு துன்னுகினு கீது. இப்ப சொன்னா இன்னா, மறுபடியும் ஓடித் தோக்குமா?"

நியாயமான கேள்வி. சித்தருக்கு வியர்வை வந்தது.

"மொத ரேஸ்ல எத்தினி குதிர?" என்று கேட்டாள் வசந்தா.

"எட்டு" என்றான் தசரதன்.

"அல்லாரும் கையத் தூக்குங்க. சாமி உங்களுக்குச் சொன்ன நம்பர விரல்ல காட்டுங்க."

தயங்கித் தயங்கிக் கைகள் உயர்ந்தன. ஒரு விரல், இரண்டு விரல், ஐந்து, ஏழு... ஒரு கை போதாமல் இரண்டு கைகளையும் தூக்கியவர்கள் உண்டு. ஒருவர் கையை மற்றவர் பார்த்தார். எட்டுக் குதிரைகளில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை! ஜெயித்த மூன்றாம் நம்பரைக் காட்டியவர்கள் மட்டும் மாலை வாங்கி வந்திருந்தார்கள்.

"எட்டு குதிரையும் சொல்லிட்டா, குதிர ஜெயிக்காம கழுதையா ஜெயிக்கும்?" என்றாள் வசந்தா.

"எட்டும் ஈசனின் திருவுருவங்கள், தாயே" என்றார் சித்தர்.

"சரி சாமி. நீங்க எந்த உருவத்து மேல பணம் கட்னீங்க?"

"யாம் ரேஸ் ஆடுவதில்லை!"

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு கொட்டகையே சிரித்தது. சித்தர் லாடம் நெஞ்சில் இடிக்க இடிக்க ஏரிக்கரையில் ஓடினார். அன்றைய கடைசி ஓட்டத்துக்கு மட்டும் யாரும் பந்தயம் கட்டவில்லை.

தசரதன் தலையைச் சொறிந்தான். சித்தருக்கென்று கொண்டு வந்த காணிக்கையை வசந்தாவிடம் நீட்டினான். "மெஷின மீட்டுக்கோக்கா. எங்க ஊட்டுத் துணியெல்லாம் தெச்சிக் குடு, போதும்."

அடகுக் கடையில் மீட்ட மெஷினை நாகேந்திரன் தானே தலையில் சுமந்து வந்தான். வெட்கம் மெஷினைவிடக் கனத்தது. வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் மெல்லப் பேச்சை இழுத்தான்.

"வசந்தா... பூந்தமல்லில ஒரு ஜோசியக் கிளி கீதாம். கரெக்டா சீட்டு எடுக்குதாம்..."

வசந்தா நின்றாள்.

"கூண்டுலேர்ந்து வெளிய போவ அந்தக் கிளிக்கே இன்னும் வழி தெரியல. அது உனக்கு வழி சொல்லப் போவுதா? கொஞ்சம் யோசிய்யா!"