ஒன்பது பெயர்களும் ஒரு மரப்பெட்டியும்

மேடையேறப் பழகியவன் மேடையை விட்டு இறங்கவும் பழகியிருக்க வேண்டும். இந்த இரண்டாம் பாடத்தை என் கல்லூரியில் யாரும் நடத்தவில்லை. தொம்மலூரில் ஒரு நண்பகல் வேளையில், ஏறக்குறைய நூறு பேர் பார்த்திருக்க, அதை நானே படித்துக்கொண்டேன். படித்தவன் நான், அதற்காக இரண்டு மாதம் காத்துக் கிடந்தவர் முனியம்மாள் என்ற ஒரு தாய். இதை எழுத இத்தனை காலம் ஆனதற்கு அதுவே காரணம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு காக்ஸ் டவுனில். கல்லூரிகளுக்கிடையிலான சொற்போரில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வாங்கியவன். (அவற்றுள் பெரிய கோப்பையில் என் தாயார் சீயக்காய்த் தூள் போட்டு வைத்திருந்தார்.) ஐந்தடி இரண்டங்குல உயரத்தில் இறைவன் என்னைப் படைத்ததே, மிச்சத்தைக் குரலில் கொடுப்பதற்காகத்தான் என்று உறுதியாக நம்பியவன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு எல்லைப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களில் ஒன்பது பேர் எங்கள் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப, தொம்மலூர் ஊருக்குள் ஒரு சிறு மனை கிடைத்தது. ஒரு குழுவும் அமைந்தது. தலைவர் ராமய்யா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். வரைபடம் போட்டவர் ஆரோக்கியசாமி; பட்டாளத்தில் படம் வரைபவராக இருந்து, வெளியே வந்து ஓர் அலுவலகத்தில் அதே வேலையைத் தொடர்ந்தவர். இளைஞர் பிரதிநிதி அடியேன். (எந்த இளைஞர்கள் அனுப்பிவைத்தார்கள் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை.)

நினைவுச்சின்னம் என்றால் நாற்பதடித் தூண், உச்சியில் துப்பாக்கி ஏந்திய வீரன், அடியில் திசைக்கொன்றாக நான்கு சிங்கங்கள். இதை நான் இருபத்தைந்து நிமிடம் நின்றபடி வாதாடினேன். பிறகு ஆரோக்கியசாமி ஒரு தாளை விரித்து உட்கார்ந்தபடியே பேசினார். ஒரே ஓர் அறை. குனிந்துதான் நுழைய முடியும் என்ற அளவில் ஒரு கல்வாசல். அதற்கப்பால் ஒரு குறுகிய நடை. அது ஒருமுறை திரும்பியதும் தெருவின் சத்தமும் வெளிச்சமும் பின்னால் நின்றுவிடும். பிறகு திடீரென்று உயர்ந்த கூரை, சன்னலில்லாத சுவர்கள், வடக்குச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கல்லில் வெட்டிய ஒன்பது பெயர்கள். கூரையில் ஆள்நீளத்துக்குச் சாய்வாக ஒரு புழை. கார்த்திகை மாதத்தில் அந்தப் பிள்ளைகள் விழுந்த நாளன்று, உச்சிப்பொழுதில், வெயில் அந்தப் புழைக்குள் நேராக இறங்கி ஒன்பது பெயர்கள்மீதும் விழும். பன்னிரண்டு நிமிடம் நிற்கும். போய்விடும்.

இவ்வளவையும் அவர் அன்றே சொன்னாராம். எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எதிரணி பேசும்போது கேட்பது சொற்போர்க்காரனின் வழக்கமன்று. மறுப்புக்குக் குறிப்பெடுப்பதே வழக்கம். என் குறிப்புத்தாளில் இருந்தது இரண்டே சொற்கள்: இருட்டு அறை.

எழுந்தேன். "மிஸ்டர் ஆரோக்கியசாமி நமக்குக் காட்டுவது ஒரு காலி அறை. நினைவுச்சின்னம் எங்கே என்று நான் கேட்கிறேன்."

அவர் தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "காலிதான் தம்பி. அவங்களும் இல்லையே."

"ஆயித்து, ஆயித்து. பேசினது போதும், கை தூக்குங்க," என்றார் ராமய்யா. எட்டுக்கு ஒன்று. அந்த ஒன்று யாருடைய கை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

தோற்றவனுக்கு ஆறுதலாகத் திறப்புவிழாப் பேச்சை எனக்குக் கொடுத்தார்கள். "பேச்சு உன்னோடது. ஆனா பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள முடிச்சிடணும். அதுக்கப்புறம் யாருமே வாயத் தெறக்கக்கூடாது. கேட்டியா?" என்றார் ராமய்யா. கேட்டேன் என்றேன். அதோடு, பேச்சைச் சுருக்குவதற்கு ஒரு காரணமாக, முனியம்மாளைப் பற்றியும் சொன்னார்.

முனியம்மாள் ஒரு பங்களாவில் ஆயா. பட்டியலில் ஐந்தாவது பெயரான கோவிந்தன் அவருடைய ஒரே மகன். போரிலிருந்து அவருக்கு வந்தது ஒரு தந்தி மட்டுமே. உடல் வரவில்லை, சாம்பல் வரவில்லை, அவன் கைக்கடிகாரம்கூட வரவில்லை. கண்ணால் காணாததை ஏற்க அவர் மறுத்துவிட்டார். உறவினர் எவ்வளவோ வற்புறுத்தியும் மகனுடைய போட்டோவுக்கு மாலை போடவில்லை. கட்டடம் எழும்பும்போது நாள்தோறும் வந்து நிற்பாராம். எழுத்து வாசிக்கத் தெரியாத அவருக்கு ஆரோக்கியசாமி, "மேலேர்ந்து அஞ்சாவது வரிம்மா, எண்ணிக்கோ," என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"வெளிச்சம் அவன் பேரு மேல விழறத ஒரு தபா பாத்துட்டேன்னா மாலை போட்டுடறேன் சார். அதுவரைக்கும் அவன் வருவான்னுதான் வாசக்கதவத் தாள் போடாம வெச்சிருக்கேன்," என்றாராம் அவர்.

இதைக் கேட்ட நான் என்ன செய்தேன்? அன்று மாலையே உட்கார்ந்து, 'ஒரு தாயின் கண்ணீர்' என்ற தலைப்பில் என் பேச்சுக்குள் ஐந்து வாக்கியங்களைச் சேர்த்தேன். நல்ல வாக்கியங்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாளும் வந்தது. அந்தக் குனிந்த வாசலில் நானும் குனிந்தேன் என்று எழுத ஆசைதான். என் உயரத்துக்கு அது தேவைப்படவில்லை. உள்ளே மங்கலாக இருந்தது. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், ஓரத்தில் ஒரு மேசை. அதன்மேல் ராமய்யா பழைய பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த கைமணி. முன்வரிசையில் முனியம்மாள், மடியில் ஒரு வாழையிலைப் பொட்டலம். உள்ளே இருந்தது சாமந்தி மாலை.

பேச்சாளர் நிற்பதற்காக ஆரோக்கியசாமி இடது மூலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். மூலையா? நடுமேடையே நாவலனின் இடம் என்று பயின்றவன் நான். போதாக்குறைக்கு, பின்வரிசைக்கு என் முகம் தெரிய வேண்டுமே என்று முதல் நாளே ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அதைத் தூக்கி, வடக்குச் சுவரின் நட்ட நடுவே, பெயர்களுக்கு முன்னால் போட்டு ஏறி நின்றேன். பெயர்கள் எனக்குப் பின்னணியாக அமைவது எடுப்பாக இருக்கும் என்பது என் கணக்கு. (பெட்டி இல்லாமல் நின்றிருந்தால் சேதம் கடைசி இரண்டு வரிகளோடு போயிருக்கும் என்று ஆரோக்கியசாமி பிற்பாடு அளந்து சொன்னார்.)

பேசினேன். இமயம் வந்தது, குருதி வந்தது, வரலாற்றின் ஏடுகள் வந்தன. கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பேச்சாளன் கோழை என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆகவே பன்னிரண்டு அடித்ததை நான் அறியவில்லை. சரியாகத் தாயின் கண்ணீருக்கு வந்து சேர்ந்தபோது, உச்சந்தலையில் இளஞ்சூடாக ஏதோ படர்ந்தது. என் வெள்ளை ஜிப்பாவின் தோள்கள் ஒளிர்ந்தன. எதிரே அத்தனை முகங்களும் ஒரே கணத்தில் வெளிச்சம் பெற்று என்னை நோக்கி நிமிர்ந்தன. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டாளத்து அதிகாரி ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

உலகில் எந்தப் பேச்சாளனுக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை என்று நினைத்தேன். நான் சிந்திய சொற்கள் ஒரு சபையையே எழுப்பி நிறுத்துகின்றன. ஐந்து வாக்கியங்களில் முடித்திருக்க வேண்டிய கண்ணீரைப் பதினைந்தாக நீட்டினேன்.

ஆரோக்கியசாமி கையை உயர்த்திப் பக்கவாட்டில் அசைத்தார். குறுக்கீட்டுக்குப் பணியாதே என்பது சொற்போரின் முதல் விதி, பணியவில்லை. ராமய்யா கைமணியை ஒருமுறை அடித்தார். இங்கேதான் என் பயிற்சி முழுவதும் திரண்டு வந்து என்னைக் கவிழ்த்தது. சொற்போரில் முதல் மணி எச்சரிக்கை. அதற்குமேல் இரண்டு நிமிடம் உண்டு. இரண்டாவது மணிக்குத்தான் முடிக்க வேண்டும். நான் இரண்டாவது மணிக்காகக் காத்தபடி பேசினேன். துக்க வீட்டில் இருமுறை மணியடிப்பது முறையன்று என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருவர் நாகரிகத்துக்காகவும் ஒருவன் விதிக்காகவும் காத்திருக்க, வெயில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

முனியம்மாள் எழுந்து வந்தார். பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி பெட்டியின் அருகில் நின்றார். குரல் உயரவில்லை.

"தம்பி, கொஞ்சம் நகந்துக்கோப்பா. எம்புள்ள மேல நிக்கற."

திரும்பினேன். சுவரில் ஓர் உருவம், வலக்கையை வானத்துக்கு உயர்த்தி நின்றது. என் நிழல். தலையிலிருந்து இடுப்புவரை ஒன்பது பெயர்களையும் அது விழுங்கியிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி மட்டும் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் ஒளி. அப்போதுதான், அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது என்பது என் மூளைக்கு எட்டியது. இறங்கினேன் என்று சொல்லக்கூடாது, விழுந்தேன். பெட்டி ஒருபக்கம் புரண்டது, சுவரடியில் சாத்தியிருந்த மலர்வளையம் என் கழுத்தில் மாட்டிக்கொண்டது. நான் எழுந்து விலகியபோது சுவரில் ஒரு நூலளவு வெளிச்சம் இருந்தது. ஐந்தாவது வரிக்கு அது எட்டவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போயிற்று.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முனியம்மாள் பொட்டலத்தைப் பிரிக்காமல் குனிந்து வெளியேறினார்.

"நாளைக்கும் மறுநாளும் சொல்ப, ஏதோ கொஞ்சம், விழும் தம்பி," என்றார் ஆரோக்கியசாமி, என் முகத்தைப் பார்க்காமல். மறுநாள் முனியம்மாளுக்கு முன்பே போய் நின்றேன். கார்த்திகை மேகம் பெங்களூரை மூடியிருந்தது. அதற்கு மறுநாள் தூறல். இரண்டு நாளும் அவர் வந்தார். பங்களாவில் கேட்டுக்கொண்டு வந்த ஒரு மணி நேரம் முழுவதும் இருட்டில் உட்கார்ந்திருந்தார். வாடிய மாலைப் பொட்டலத்தோடு திரும்பிப் போனார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எனக்கு வந்த வாக்கியங்கள் எல்லாம் மேடை வாக்கியங்களாகவே இருந்தன. மூடிக்கொண்டேன்.

பிறகு ஆரோக்கியசாமியின் வீட்டுக்குப் போய், இனி அடுத்த ஆண்டுதானா என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் கோடு போட்டார்.

"சூரியன் தெக்கால போய்த் திரும்பி வரப்போ இதே ஒசரத்துக்கு இன்னொரு தபா வரும். தை மாசம். நம்ம கடியாரத்துக்கு அரை மணி லேட்டா. போய்ச் சொல்லு."

"நானா?"

"நீதான். ரெண்டே வரில சொல்லணும், ஆமா."

இரண்டு வரியில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தயாரித்த மிகக் கடினமான உரை அது.

தை மாதத்து அந்த நாளில் முனியம்மாள், ஆரோக்கியசாமி, ராமய்யா, நான் என்று நால்வர் மட்டும். நான் சுண்ணாம்புக் கோட்டின்மேல், சுவரோடு சுவராக நின்றேன். நிழல் ஒருபுறம் இருக்கட்டும், மூச்சுகூடக் குறுக்கே போகக்கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு, கூரையிலிருந்து ஒளி இறங்கிற்று. விளக்கேற்றியதுபோல் அல்ல, கல்லே உள்ளிருந்து வெளுப்பதுபோல். முதல் பெயர், இரண்டாம் பெயர் என்று எழுத்துப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. காலி என்று நான் வாதாடிய அந்த அறையில், இல்லாத ஒன்பது பேருக்கும் சரியாக இடமிருந்தது.

முனியம்மாள் விரலால் எண்ணினார். ஐந்தில் நிறுத்தினார். உள்ளங்கையைப் பெயரின்மேல் வைத்தார். வெளிச்சம் இப்போது அவர் புறங்கையில் விழுந்தது. அது நகரும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு அன்று கொண்டுவந்த புதுப் பொட்டலத்தைப் பிரித்து மாலை வாடாமல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மடித்துக்கொண்டார். அது போட்டோவுக்கு.

என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு ஏதோ சொல்லிக்கினு இருந்தியேப்பா. நடுவுல நிறுத்திட்டேன். மிச்சம் என்ன?"

மூன்று கோப்பைகள் வாங்கிய வாய் திறந்தது. "ஒண்ணுமில்லம்மா," என்றேன்.

"சரி, அப்ப அந்தப் பெட்டிய எடுத்துக்கினு போ. வழியில கெடக்குது, வரவங்க கால்ல இடிக்குது."

இரண்டு மாதமாக நடையில் கிடந்த பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காக்ஸ் டவுன்வரை நடந்தேன். அது இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய செய்தித்தாள் போட்டு வைக்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் என் மகள் கரண்டியால் தம்ளரை ஒருமுறை தட்டுவாள். எங்கள் வீட்டில் இரண்டாவது மணி கிடையாது.

சில ஆண்டுகள் கழித்து என் திருமணத்துக்கு முனியம்மாள் வந்திருந்தார். போட்டோ எடுப்பவர் எல்லாரையும் வரிசைப்படுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் நகந்துக்கோப்பா. பொண்ணு தெரியல."

உடனே நகர்ந்தேன். அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. என் மனைவி அதில் முழுதாக இருக்கிறாள். நான் முக்கால்வாசி இருக்கிறேன்.