மாட்டோடு இருந்தேனா, கூழோடு இருந்தேனா

எபிரோன் ஊர்வாசலில் மூப்பராக அமர்ந்து வழக்குத் தீர்க்கும் மச்சான் ஊசாய் அவர்களுக்கு, தெக்கோவாவிலிருந்து உங்கள் தங்கை அபித்தாளின் கணவன் பெலத்தியா எழுதுவது. கர்த்தர் உங்கள் காதில் நல்ல செய்தியையே விழப்பண்ணுவாராக. இந்தக் கடிதத்தில் அது இல்லை. உடைந்த பானையின் மூன்று ஓட்டுத்துண்டுகளில் எழுதியிருக்கிறேன். போன முறை போலக் கடைசி ஓட்டை முதலில் படித்துவிட்டு, யார் செத்தது என்று கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம். செத்தது என் செவலை மாடு.

விதைப்புக்கு முந்தைய மழையான முன்மாரி பெய்த மறுநாள் பக்கத்து நிலத்துச் சிக்ரி வந்தான். உழுவதற்கு, தன் ஒற்றை மாட்டுக்கு ஜோடியாகச் செவலையை ஒரு நாள் இரவல் கேட்டான். சரி, ஓட்டிக்கொண்டு போ என்றேன். போகிறவன் போக வேண்டியதுதானே? "அண்ணே, மாடு மட்டும் வந்தா நல்லாவா இருக்கும்? நீங்களும் வாங்க. ஒரு வேலையும் செய்ய வேணாம், அத்திமர நிழல்ல உட்காருங்க. சிவப்புப் பயறுக் கூழ் காய்ச்சச் சொல்லியிருக்கேன்" என்றான். உங்கள் தங்கை உள்ளேயிருந்து, "மாட்டை அனுப்புங்க, நீங்க போகாதீங்க" என்றாள். என் வயிற்றை நினைத்துச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். நடுப்பகலில் நுகத்தை அவிழ்த்துவிட்டார்கள். நான் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தேன். செவலை மேய்ந்துகொண்டே போய், மலைச்சரிவில் படிக்கட்டாக வெட்டிய நிலத்தின் விளிம்பிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தது.

இரவல் மாடு செத்தால் வாங்கியவன் ஈடு தர வேண்டும், உடையவன் கூடவே இருந்தால் தர வேண்டியதில்லை. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு ஞாபகம் இருந்தது சிக்ரிக்கும் உங்கள் தங்கைக்கும் மட்டும்தான்.

ஈடு கேட்டு வழக்குக்குப் போனேன். எங்கள் ஊர்வாசலில் பெரியவர் மல்லூக் கேட்டார்: "ஏம்ப்பா, நீ மாட்டோட இருந்தியா?"

"இல்லைங்க. கூழோட இருந்தேன்."

"உட்கார்ந்த இடத்துலேர்ந்து மாடு தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "வால் தெரிஞ்சுதுங்க" என்றேன்.

"வால் மாட்டோடதானே இருந்துச்சு? அப்ப நீயும் மாட்டோடதான் இருந்திருக்கே" என்று தீர்த்துவிட்டார். மற்ற மூப்பர்கள் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்கள். சிக்ரி என் தோளைத் தட்டி, "மனசுல வச்சுக்காதீங்கண்ணே, மிச்சக் கூழ் இருக்கு" என்கிறான்.

மச்சான், இது நியாயமா? தானாகச் செத்த மாடு என்பதால் நாம் தின்னவும் கூடாது. அயல்நாட்டானுக்கு விற்கலாம் என்றால், அந்தப் பக்கம் வந்த ஒரே ஒருவன் பல்லைப் பார்த்து, கிழட்டு மாடு என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனான். தொழுவத்தில் இப்போது ஒரு மாடும் ஒரு கழுதையும் நிற்கின்றன. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டக் கூடாது என்பதும் சட்டம்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டம் நிற்கிறது, மாடுதான் இல்லை. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அறுப்புக் காலத்தில் உங்கள் தங்கையும் பிள்ளைகளும் என்ன சாப்பிடுவார்கள்? ஆகவே நீங்கள் எபிரோன் மூப்பர்களிடம் பேசி, கூழ் குடித்துக்கொண்டிருப்பவன் கூட இருந்தவன் ஆகமாட்டான் என்று ஒரு தீர்ப்பு வாங்கி அனுப்புங்கள். அதை மல்லூக்கின் முகத்துக்கு நேரே படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் வீடும் மந்தையும் பெருகட்டும். உங்கள் களத்தில் கோதுமை குவியட்டும். பிள்ளைகள் எல்லாரும் மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
பெலத்தியா

பின்குறிப்பு, மூன்றாவது ஓட்டின் பின்பக்கம்: உங்களிடம் நான்கு மாடுகள் இருப்பதாக அபித்தாள் இப்போதுதான் சொன்னாள். அந்தப் பெரிய கறுப்பு மாட்டை ஒரு வாரம் இரவல் தாருங்கள். ஆள் மூலம் அனுப்ப வேண்டாம், நீங்களே கூட வாருங்கள். ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை, நிழலில் உட்கார்ந்தால் போதும், பயறு ஊறப்போட்டாகிவிட்டது. மேலே கேட்ட அந்தத் தீர்ப்புக்கு அவசரம் இல்லை. உழவு முடியும்வரை சட்டம் இருந்தபடியே இருக்கட்டும்.