கால் வரையாத ஓவியர்

தானாகவே கற்றுக்கொண்டவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். குலுக்கிய கையை விடுவதற்குள், நாம் ஏதோ சந்தேகப்பட்டது போல, "எனக்கு யாரும் சொல்லித் தரலைங்க" என்பார்.

நம்முடைய ஆள் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவர். காது, வால், மூக்கு எல்லாம் கனகச்சிதம். கால் மட்டும் வராது. வராது என்று சொல்லலாமா? புல் பிடிக்கும் என்றல்லவா சொல்ல வேண்டும்! ஆகவே அவருடைய யானை முழங்கால் அளவு புல்லில் நிற்கும், ராஜா தரையைப் பெருக்கும் அங்கியில் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதிலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், ஒட்டகம்கூடப் பாலைவனத்தில் எப்படியோ ஒரு புதரைத் தேடிப் பிடித்துவிடும். "என்ன ஒரு பசுமை!" என்று விமரிசகர்கள் உருகினார்கள். "அது என் பாணி" என்றார் இவர்.

பாணி! இந்த இனத்தின் முதலுதவிப் பெட்டி.

ஒரு நாள் பதிப்பாளர் ஒரு கதையைக் கொடுத்தார். ஒரு மரவட்டை செருப்பு வாங்கக் கடைக்குப் போகிறது.

"கடைக்குள்ள தண்ணி புகுந்த மாதிரி போட்டா என்ன சார்? மழைக்காலம்..."

"வெள்ளத்துல எந்த மடையன் செருப்பு வாங்குவான்? கால் போடுங்க. முடியலைன்னா ஓவியக் கல்லூரியில படிச்ச பொண்ணு ஒண்ணு வந்திருக்கு. இதுவும் இனிமே வர்றதும் அதுக்குத்தான்."

கல்லூரி என்ற சொல் முள்ளாய்த் தைத்தது. வீட்டுக்கு வந்து வரைந்தார், கிழித்தார், மறுபடி வரைந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, உருளைக்கிழங்கா?"

"கால்."

"இத்தனை வருஷமா இந்த வீட்டுல ரெண்டு கால் நடந்துட்டுதான் இருக்கு. ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா?" என்று ஒரு காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்தாள்.

"பார்த்து வரையறது காப்பியடிக்கிற வேலை."

"அப்ப எடுத்துடறேன்."

"இரு, இரு!"

வரைந்தார். விரல், நகம், குதிகால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவராலேயே நம்ப முடியவில்லை.

"அடுத்த காலையும் வைக்கட்டுமா?"

"ஒண்ணு போதும். மிச்சம் எனக்குத் தெரியும்."

அந்த ஒரு காலையே மரவட்டைக்கு இரண்டு பக்கமும் வரிசையாக மாட்டி எடுத்துப் போனார். பதிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எல்லாமே இடது காலா இருக்கே? கடைக்காரன் வலது செருப்பை எல்லாம் என்ன பண்ணுவான்?"

'நாளைக்கு மாத்தித் தர்றேன்' என்று ஒரு வார்த்தை. காரியம் முடிந்திருக்கும். சொல்வாரா?

"அது என் பாணி."

கதை அந்தப் பெண்ணிடம் போயிற்று. "பூச்சி புழுவெல்லாம் எனக்கு ஆகாது. நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்று வீட்டில் சொன்னார். மனைவி அடுத்த காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், காரைப் பின்னால் எடுத்து இடுக்கில் நிறுத்த வராமல், கடையைத் தாண்டி எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் போன வாரம் சொன்னது யார்?